ட்ரான்சம் மாற்ற எது சரி: மரைன் பிளையா, ஃபோம் போர்டா, ஊற்றும் கலவையா?

2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்த ஃபைபர் போட்டுகள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உடம்பில் கீறல், ஜெல்கோட் என்ற மேல்பூச்சு வெளிறல் தவிரப் பெரிய குறை இருக்காது. ஆனால் இன்ஜின் தொங்கும் பின்பலகை, அதாவது ட்ரான்சம், உள்ளே இற்றுப்போயிருக்கும். ஃபைபருக்கு நடுவில் வைத்த பலகை ஊறிச் சேறாகிவிட்டால் அந்தப் போட்டில் இன்ஜின் மாட்டுவது ஆபத்து.

பலகையை மாற்ற இப்போது மூன்று வழிகள் பேசப்படுகின்றன: ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் கொண்ட மரைன் பிளை (தண்ணீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை), கூசா போன்ற மரமில்லாத ஃபோம் போர்டு, சீகாஸ்ட், ஆர்ஜே 6011 போன்ற ஊற்றும் கலவை. மூன்றையும் இங்கே ஒரே அளவுகோலில் பார்ப்போம்: சுமார் 28 அடி ஃபைபர் போட், மேலே 4 அடியும் கீழே 3 அடியும் அகலம், 2 அடி உயரமுள்ள ட்ரான்சம், கிளாம்ப் போட்டு மாட்டும் 9.9 எச்.பி. அவுட்போர்டு. இன்ஜின் எடை சுமார் 40 கிலோ.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த அளவு போட்டுக்கு நல்ல ஐ.எஸ். 710 பிளையே போதும். மிச்சமாகும் காசை நாரை ஒட்டி இறுகும் ரெசினிலும் போல்ட் ஓட்டைகளை அடைப்பதிலும் போடுங்கள். ட்ரான்சத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பலகையின் ரகம் இல்லை, யாரோ துளை போட்டு அடைக்காமல் விட்ட ஒரு திருகாணி.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். சுத்தியலின் மரப்பிடியால் ட்ரான்சம் முழுக்கத் தட்டினால் நல்ல இடம் ‘டக் டக்’ என்று கூர்மையாகப் பேசும், ஊறிய இடம் ‘தொப்’ என்று அமுங்கும். இன்ஜினை மாட்டி, ப்ரொப்பெல்லர் இருக்கும் அதன் அடிக்காலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ட்ரான்சத்தின் மேல்விளிம்பு கண்ணுக்குத் தெரிய அசைந்தால் சந்தேகமே வேண்டாம். கடைசியாக, உள்பக்கத்தில் தண்ணீர் வடியும் ஓட்டைக்குச் சற்று மேலே 6 மி.மீ. துரப்பணத்தால் ஒரு துளை. வெளியே வரும் தூள் வெளிறி உலர்ந்திருந்தால் அந்தத் துளையை எபாக்சிப் பசையால் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கறுத்து, பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்தால் பலகை போய்விட்டது. கீழேதான் முதலில் அழுகும் என்பதால் மேலே மட்டும் துளை போட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மரைன் பிளை

கடையில் ‘மரைன்’ என்று சொல்லித் தருவதெல்லாம் மரைன் இல்லை. ஒவ்வொரு ஷீட்டிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 710 என்ற எண், சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண் மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். லைசென்ஸ் எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அது யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஐ.எஸ். 303 என்று அச்சிட்ட பிளை வீட்டு அலமாரிக்கானது. அதிலும் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், மயங்க வேண்டாம். ஐ.எஸ். 710 பிளையின் பசை 72 மணி நேரம் கொதிநீரைத் தாங்க வேண்டும் என்பது விதி. அவ்வளவு நேரம் வீட்டில் முடியாது. ஆனால் கையகலத் துண்டை ஒரு பானைத் தண்ணீரில் எட்டு மணி நேரம் கொதிக்கவிட்டாலே போலி பிளை அடுக்கடுக்காகப் பிரிந்து மேலே மிதக்கும்.

வெட்டிய விளிம்பையும் பாருங்கள். உள் அடுக்குகளுக்கு நடுவே இடைவெளியோ, ஒரு அடுக்கு மடிந்து ஏறியிருப்பதோ தெரிந்தால் அந்த ஷீட் வேண்டாம். அந்த இடைவெளிதான் பின்னால் தண்ணீர் ஓடும் வாய்க்கால்.

18 மி.மீ. பிளை இரண்டு அடுக்கு, வெளிப்பக்க ஃபைபர் 4-5 மி.மீ., உள்பக்கம் புதிதாக வைப்பது 4-5 மி.மீ. எல்லாம் சேர்த்து 45 மி.மீ. வரும். வாங்கும் முன் உங்கள் இன்ஜின் கிளாம்பின் வாயைத் திறந்து அளந்துகொள்ளுங்கள். கிளாம்புக்கு அடியில் வைக்கும் தேய்வுத் தகடுக்கும் சேர்த்து இடம் வேண்டும். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று வாங்கினால் இரண்டு அடுக்கும், மூலைக்கு வைக்கும் முட்டுகளும் அதிலேயே கிடைத்துவிடும்.

பிளைக்குப் பதில் நாட்டு மரப் பலகை வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மரம் ஈரம் குடித்தால் குறுக்குவாட்டில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஃபைபரோ அசையாது. இரண்டுக்கும் நடுவே ஒட்டு விட்டுப்போவது காலத்தின் கேள்வி மட்டுமே.

ரெசின்

பட்டறையில் வழக்கமாகக் கிடைப்பது ஜி.பி. என்னும் சாதாரண பாலியெஸ்டர் ரெசின். மேல்தளத்துக்கு அது போதும், ட்ரான்சத்துக்கு ஐசோ (ஐசோப்தாலிக் பாலியெஸ்டர்) கேளுங்கள். விலை வித்தியாசம் இந்த வேலையின் மொத்தச் செலவில் பெரிதாகத் தெரியாது. தண்ணீரைத் தாங்குவதிலோ வித்தியாசம் நன்றாகத் தெரியும். டப்பாவில் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். நம் ஊர் வெயிலில் கடை வாசலில் கிடந்த பழைய டிரம்மிலிருந்து ஊற்றித் தருவது கெட்டியாகத் தொடங்கியிருக்கும்.

எபாக்சி மரத்தில் ஒட்டுவது பாலியெஸ்டரைவிட எவ்வளவோ மேல். விலை கிலோவுக்கு இரண்டு மூன்று மடங்கு. ஆனால் அதற்கென்று சில நிபந்தனைகள் உண்டு. சாதாரண சாப்டு மேட்டில் (நறுக்கிய கண்ணாடி நார் விரிப்பு) நார்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும். எபாக்சியில் அது கரையாமல் மேட் விறைத்து நிற்கும், மூலைக்கு மடங்காது. அதனால் எபாக்சி என்றால் நெய்த துணி மட்டுமே. இன்னொன்று: எபாக்சிக்கு மேல் பாலியெஸ்டரோ ஜெல்கோட்டோ நம்பிக்கையாகப் பிடிக்காது. பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்சி போடலாம், திருப்பிப் போடக் கூடாது. பாதி இது, பாதி அது என்று தொடங்குகிறவர்கள் இந்த வரிசையில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

எனக்குச் சரியாகப் படும் ஏற்பாடு இது: நார் அடுக்கு ஏற்றும் லேமினேஷன் முழுக்க ஐசோ ரெசின், போல்ட் ஓட்டைகளுக்கு மட்டும் எபாக்சி.

ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டின் அளவில் கைவைத்தியம் வேண்டாம். கிலோ ரெசினுக்கு 10 முதல் 15 மில்லி. கோடை நடுப்பகலில் 15 மில்லி ஊற்றினால் ரோலரை எடுப்பதற்குள் வாளியில் கட்டியாகிவிடும். அதற்குப் பயந்து 5 மில்லியாகக் குறைத்தால் மேலே காய்ந்ததுபோல் இருந்து உள்ளே கடைசிவரை முழுதாக இறுகாது. வெயிலானால் 10 மில்லியில் நின்று, காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் வேலையை முடியுங்கள். ஒரே வாளியில் இரண்டு கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம். இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டர் கலந்தே வரும் ரெசினா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகச் சேர்ப்பதாக இருந்தால் முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகுதான் கேட்டலிஸ்ட். அவை இரண்டும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போடாமல் தொட வேண்டாம்.

வைக்கும் முறை

வெட்டுவதற்கு முன் போட்டைச் சமமாக முட்டுக் கொடுத்து நிறுத்தி, பின்பக்கத்தில் இரண்டு பக்கச் சுவர்களுக்கும் குறுக்கே ஒரு கட்டையைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். ட்ரான்சம் பலகைதான் பக்கங்களை விரியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்ததும் பழைய போட் அரை அங்குலம் விரிந்துகொள்ளும், பிறகு புதுப் பலகை எந்தப் பக்கமும் உட்காராது. ட்ரான்சத்தின் சாய்வையும் ஒரு அட்டையில் வெட்டி எடுத்து வையுங்கள். இன்ஜின் எந்தக் கோணத்தில் தண்ணீரைத் தள்ளும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

உள்பக்கத்திலிருந்து வெட்டுவதே நல்லது. வெளித்தோல், அதாவது வெளிப்பக்க ஃபைபர், வடிவத்தைக் காப்பாற்றும், ஜெல்கோட் வேலையும் மிச்சம். கட்டிங் மெஷினின் ஆழத்தை உள்தோலின் கனத்துக்கு மட்டும் வைத்து, சுற்றிலும் இரண்டு அங்குலம் விளிம்பு விட்டு வெட்டி, பலகையை உளியால் துண்டு துண்டாகப் பெயர்த்தெடுங்கள். கீழ்மூலைகளில் ஒட்டியிருக்கும் கறுப்பு மரத்தைச் சோம்பலில் விட்டுவிடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. அது புதுப் பலகைக்கும் ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். 36 நம்பர் டிஸ்க் போட்டு வெளித்தோலின் உள்முகத்தைப் பளபளப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும். ஓரிடத்தில் நின்று தேய்த்தால் தோல் மெலிந்துவிடும், வெளியே வெளிச்சம் தெரிந்தால் நிறுத்துங்கள். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி உப்பை எடுத்து, இரண்டு மூன்று நாள் காயவிட்டு, அசிட்டோனால் துடைத்தால் தயார்.

பலகையைச் சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டுங்கள். ஃபைபரை மரம் நேராகத் தொட்டால் அந்தக் கோட்டில் வெளியே விரிசல் வரும். அந்த இடைவெளியைப் பசை நிரப்பும். காற்று வெளியேற 6 அங்குலத்துக்கு ஒரு 6 மி.மீ. துளை. 5 முதல் 10 சதவீதம் ஸ்டைரீன் சேர்த்து நீர்த்த ரெசினை பலகையின் இரு முகங்களிலும் தடவுங்கள். விளிம்பு எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவும் கொடுங்கள், இரண்டு மூன்று கை போக வேண்டும். மரம் ஈரமாக இருந்தால் இந்தப் பூச்சு உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். அன்று வேலையை நிறுத்திவிடுங்கள்.

வெளித்தோலில் 450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட் இரண்டு, ரெசின் சொட்டச் சொட்ட. அதன் மேல் முதல் பலகை. நடுவில் ஒரு மேட், அதன் மேல் இரண்டாவது பலகை. அழுத்துவதற்கு வெளியே ஒரு கனமான சட்டம், உள்ளே ஒரு சட்டம், நடுவே மெழுகு தடவிய போல்ட்டுகள், ஒன்பது பத்து அங்குல இடைவெளியில். காற்றுத் துளைகளில் ரெசின் எட்டிப்பார்த்ததும் இறுக்குவதை நிறுத்த வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் பசை எல்லாம் பிதுங்கி வெளியே போய், நடுவில் வறண்ட ஒட்டுதான் மிஞ்சும்.

மூலைகளில் ஒரு அங்குல ஆரத்துக்கு உருட்டிப் புட்டி போட வேண்டும். கண்ணாடி நார் செங்கோணத்தில் மடியாது, பின்னால் காற்று நிற்கும். ரெசினில் நறுக்கிய நாரும், கெட்டியாக்கும் ஏரோசில் தூளும் கலந்த புட்டி வேண்டும். பட்டறையில் மலிவாகக் கிடைக்கும் டால்க் பவுடர் புட்டி பார்க்க வழவழவென்று இருக்கும், அதிர்வில் பொடிந்துவிடும்.

உள்தோலுக்கு: 450 மேட், 610 ரோவிங் (தடித்த நாரில் நெய்த துணி), 450, 610, மறுபடி 450. மொத்தம் ஐந்து அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட இரண்டு அங்குலம் நீளமாகப் பக்கச் சுவரிலும் தரையிலும் ஏற வேண்டும், கடைசி அடுக்கு எட்டு அங்குலம் வரை. ரோவிங் மேல் ரோவிங் நேராக வைத்தால் பிரிந்து வரும், நடுவில் மேட் கட்டாயம். ஒரு நாளுக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால் 60 நம்பர் தாளால் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த அடுக்கு.

இவ்வளவுக்கும் மேட் இரண்டரை முதல் மூன்று கிலோ, ரோவிங் ஒன்றரை கிலோ, ரெசின் புட்டியும் சேதாரமும் சேர்த்து 12 கிலோ, கேட்டலிஸ்ட் கால் லிட்டருக்குள் முடிந்துவிடும்.

முட்டுகளை மறக்காதீர்கள். ப்ரொப்பெல்லர் கீழே முன்பக்கம் தள்ளும்போது ட்ரான்சத்தின் மேல்விளிம்பு பின்பக்கம் இழுபடும். அந்த விசையைத் தரைக்கும் நடுக்கட்டைக்கும் கடத்துவது இந்த முக்கோணத் துண்டுகள்தான். பல போட்டுகளில் அவை இல்லவே இல்லை, அல்லது ஒரு மேட்டால் ஒட்டி நிற்கின்றன.

ஓட்டைகள்

பிளையைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை உண்மையில் ஓட்டையைப் பற்றியவை. அரை அங்குல போல்ட்டுக்கு அரை அங்குலத் துளை போட்டு, சிலிக்கான் பீய்ச்சி மாட்டினால் இன்ஜின் அதிர்வில் சிலிக்கான் உரிந்து, தண்ணீர் நேராகப் பிளையின் வெட்டு முகத்துக்குப் போகும்.

செய்ய வேண்டியது: 12 மி.மீ. போல்ட்டுக்கு 20 மி.மீ. துளை போடுங்கள். வெளிப்பக்கத்தை டேப்பால் அடைத்து, முதலில் நீர்த்த எபாக்சியைத் துளைச் சுவரில் தடவி, பிறகு நறுக்கிய நார் கலந்த எபாக்சியால் நிரப்புங்கள். மறுநாள் அதன் நடுவில் 12.5 மி.மீ. துளை. இப்போது போல்ட்டைச் சுற்றிக் கிட்டத்தட்ட 4 மி.மீ. எபாக்சி வளையம் நிற்கிறது. தண்ணீர் உள்ளே வந்தாலும் மரத்தைத் தொடாது, போல்ட்டை முறுக்கினால் பலகையும் நசுங்காது. அடைக்க சிக்காஃப்ளெக்ஸ் 291 போன்ற பாலியூரிதேன் பசை, போல்ட் 316 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு). தண்ணீர் வடியும் ஓட்டைக்கும், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரின் திருகாணிக்கும் இதே முறைதான். கால் அங்குலத் திருகாணிதானே என்று விட்டுவிட்டால் அழுகல் தொடங்குவது அங்கேதான்.

கிளாம்ப் இன்ஜினுக்குத் துளை இல்லை என்றாலும் கிளாம்ப் திருகின் தலை ஃபைபரைக் கடித்துக் குழிக்கும். உள்ளும் புறமும் அலுமினியத் தகடோ எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் தகடோ வையுங்கள்.

கூசா போர்டு

பாலியூரிதேன் ஃபோமுக்குள் கண்ணாடி நார் அடுக்குகள் வைத்த அமெரிக்கத் தயாரிப்பு. ட்ரான்சத்துக்கு வைப்பது புளூவாட்டர் 26, கன அடிக்கு 26 பவுண்டு. நல்ல மரைன் பிளையைவிட எடை தெளிவாகக் குறைவு, அழுகாது. வெட்டும்போது பறக்கும் தூள் தோலை அரிக்கும். திருகாணியைப் பிளை அளவுக்குப் பிடிக்காது, அழுத்தத்தில் நசுங்கும் என்பதால் போல்ட் இடங்களில் எபாக்சி வளையம் இதற்கும் வேண்டும். இங்கே இறக்குமதியாக மட்டுமே கிடைப்பதால் விலை பிளையை எங்கோ விட்டுவிடும். பெரிய இரட்டை இன்ஜின் மாட்டும் போட்டுக்கு யோசிக்கலாம். 9.9-க்கு வீண் செலவு.

ஊற்றும் கலவை

யோசனை அழகானது. உள்தோலை வெட்டாமல், மேல்விளிம்பை மட்டும் திறந்து, சங்கிலி ரம்பத்தால் அழுகிய மரத்தைத் தோண்டியெடுத்து, இரண்டு தோல்களுக்கும் நடுவே கலவையை ஊற்றி நிரப்புவது. சீகாஸ்ட், ஆர்ஜே 6011 இரண்டும் அதற்கென்றே செய்யப்பட்ட, நிரப்புத் தூள் சேர்த்த ரெசின்கள். தோல்கள் இரண்டும் நன்றாக இருந்து, மரம் சுத்தமாக வெளியே வந்து, உள்ளே உலர்ந்திருந்தால் வேலை உறுதியாக நிற்கும்.

சிக்கல் அந்த ‘இருந்தால்’களில் இருக்கிறது. மேலிருந்து இரண்டடி ஆழத்தில், கையும் கண்ணும் எட்டாத கீழ்மூலையில் மரம் மிச்சமில்லை என்று யார் உறுதி சொல்வது? நம் போட்டுகளில் உள்தோல் பெரும்பாலும் இரண்டு மேட் கனம்தான். கலவை ஊற்றிய பிறகும் அதைத் தடிமனாக்க உள்ளே கிரைண்டர் பிடிக்கத்தான் வேண்டும். அப்படியானால் வெட்டாமல் விட்டதில் என்ன லாபம்?

விலைக்குப் பயந்து உள்ளூரில் செய்யும் நகல்தான் இன்னும் மோசம். நம் அளவு ட்ரான்சத்துக்கு 23, 24 லிட்டர் வேண்டும். அவ்வளவு ஜி.பி. ரெசினில் மணலோ டால்க்கோ கலந்து ஒரே மூச்சில் ஊற்றினால் உள்ளே வெப்பம் வெளியேற வழியில்லாமல் கொதித்துப் புகையும். ஆறும்போது சுருங்கித் தோலைவிட்டு விலகி, நடுவில் வெடித்துவிடும். வெளியே பார்க்கக் கல்லுபோல் இருக்கும், தட்டினால் தெரியும்.

பட்டறையில் கொடுப்பதானால்

‘ரெண்டு மேட் போட்டு முடிச்சிரலாம்ணே’ என்று கூலி சொல்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பிளையில் என்ன எண் அச்சாகியிருக்கும், உள்தோலுக்கு எத்தனை ரோவிங், போல்ட் ஓட்டையை எதனால் நிரப்புவீர்கள். மூன்றாவதற்குச் ‘சிலிக்கான்’ என்று பதில் வந்தால் அந்த வேலையை மட்டுமாவது நீங்களே செய்துகொள்ளுங்கள். பலகை ஒட்டும் அன்றைக்குக் கூடவே நில்லுங்கள். உள்தோல் மூடியபின் உள்ளே என்ன வைத்தார்கள் என்று யாராலும் பார்க்க முடியாது. மழைக்காலத்தில் ஓலைக் கொட்டகைக்குள் வேலை நடந்தால் தேதியைத் தள்ளிப்போடுவதே நல்லது.

முடித்த பிறகு ஒரு வாரம் இன்ஜின் மாட்டாதீர்கள். முதல் சில நாள் கடலுக்குப் போய்வந்ததும் கிளாம்பையும் போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், பாதுகாப்புச் சங்கிலியைக் கழற்றாதீர்கள். ட்ரான்சமும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் ஜெல்கோட்டில் முடிபோல் கோடு விழுகிறதா என்று கவனியுங்கள். கோடு விழுந்தால் அந்த மூலையில் புட்டியோ முட்டோ சரியில்லை. ஜெல்கோட்டால் பூசி மறைக்காமல் உள்பக்கம் தேய்த்துப் பார்த்து, அங்கே இரண்டு அடுக்கு கூடுதலாக ஏற்றுங்கள்.